பெட்டிக்குள் என்ன இருக்கு?
வல்லார்பாடத்தில் ஒரு வருட வீட்டுப் பாடம்

பொங்கல் விழாவன்று, பானை பொங்கி முடிந்து குழந்தைகள் எல்லாம் கரும்பும் கையுமாக ஓடிக்கொண்டிருந்தபோது, நம் சங்கத்துச் சகோதரிகள் மூன்று பேர் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். "உங்கள் பையனை ஒரு வருடம் பள்ளிக்கூடம் அனுப்பாமல் வீட்டிலேயே வைத்துச் சொல்லிக் கொடுத்தீர்களாமே! எப்படிச் செய்தீர்கள்? எங்களுக்கும் சொல்லுங்களேன்" என்றார்கள். நின்ற இடத்தில் சொல்லி முடிகிற விஷயமா அது? எழுதித் தருகிறேன் என்று ஒப்புக்கொண்டேன். எங்கள் வீட்டில் எது நடந்தது, எது நடக்கவில்லை என்று மட்டும்தான் என்னால் சொல்ல முடியும். நான் ஆசிரியைப் பயிற்சி பெற்றவள் அல்லள்.

எங்களுக்குச் சொந்த ஊர் தூத்துக்குடி. கணவருக்குத் துறைமுகத்தைச் சார்ந்த வேலை என்பதால் வல்லார்பாடத்தில் வாடகை வீடு. பையனுக்கு அப்போது ஐந்தரை வயது, பெண்ணுக்கு மூன்றரை. 2023 ஜூனில் பையனை ஒன்றாம் வகுப்பில் சேர்த்தோம். வீட்டில் தமிழ், தெருவில் மலையாளம், வகுப்பில் இங்கிலீஷ். இந்த மூன்றுக்கும் நடுவே பிள்ளை பேச்சையே நிறுத்திவிட்டான். பள்ளியில் மட்டுமல்ல, வீட்டிலும்தான். தண்ணீர் வேண்டுமென்றால் டம்ளரைக் காட்டுவான். மூன்றாவது வாரம் டைரியில் 'மந்தமாக இருக்கிறான்' என்று எழுதி அனுப்பியிருந்தார்கள். அந்தப் பள்ளியைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஓர் ஆசிரியை என்ன செய்வார்? ஆனால் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்த என் பிள்ளை ஊமையாகிக்கொண்டிருந்தான் என்பதுதான் எனக்குத் தெரிந்த ஒரே உண்மை. இரண்டு இரவு நானும் அவரும் பேசினோம். மறு வருடம்வரை வீட்டில் வைத்திருப்பது என்று முடிவு செய்தோம்.

என் அத்தை தூத்துக்குடியிலிருந்து போன் செய்து, "பிள்ளைய பள்ளிக்கூடம் அனுப்பாம வீட்டுல வச்சிக்கிட்டு என்ன செய்யப்போற? ஊர்ல கேட்டா நான் என்ன சொல்ல?" என்றார்கள். எனக்கும் பதில் தெரியவில்லை.

முதல் மாதம் நான் செய்தது பெரிய தவறு. சுவரில் கரும்பலகை மாட்டினேன். ஒன்பது மணிக்குத் தமிழ், பத்துக்குக் கணக்கு, பதினொன்றுக்கு இங்கிலீஷ் என்று அட்டவணை ஒட்டினேன். 'அ, ஆ' என்று வரிசையாக எழுத வைத்தேன். எந்தப் பள்ளிக்கூடத்திலிருந்து அவனைக் காப்பாற்றினேனோ, அதையே வீட்டுக்குள் கட்டிவிட்டேன்! வித்தியாசம் என்னவென்றால் அங்கே அழாதவன் இங்கே அழுதான்.

ஒரு நாள் சாயங்காலம் இரண்டு பேரையும் காயல் கரைக்குக் கூட்டிப் போனேன். தூரத்தில் ஒரு கப்பல் முனையத்துக்குள் வந்துகொண்டிருந்தது. சிவப்பும் நீலமும் பச்சையுமாக அதன்மேல் அடுக்கடுக்காகப் பெட்டிகள். வெகு நேரம் பார்த்துக்கொண்டே இருந்தவன், "அம்மா, அந்தப் பெட்டிக்குள்ள என்ன இருக்கு?" என்று கேட்டான். பல நாட்களுக்குப் பிறகு அவன் முழுதாகப் பேசிய வாக்கியம் அது. எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. அன்றிரவே அட்டவணையைக் கிழித்துப் போட்டேன்.

எங்கள் முதல் பாடம் 'பெட்டி'. ஒரு பொருளை நடுவில் வைத்து மொழி, கணக்கு, அறிவியல், ஊர்க்கதை எல்லாவற்றையும் அதைச் சுற்றிக் கட்டுவதைக் கருப்பொருள் பாடம் என்கிறார்கள். அந்தப் பெயரெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

சிறிய கப்பல் பெட்டி ஒன்றின் நீளம் 20 அடி, அகலம் 8 அடி, உயரம் எட்டரை அடி. இதை வாயால் சொன்னால் பிள்ளைக்கு என்ன புரியும்? கயிற்றில் அடிக்கு ஒரு முடிச்சு போட்டு, 20 முடிச்சு எண்ணி, முற்றத்தில் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டோம். எங்கள் முன்னறையைவிடப் பெட்டி நீளம் என்று தெரிந்தபோது இரண்டு பேருக்கும் ஒரே ஆச்சரியம். அந்தக் கட்டத்துக்குள் பாய் விரித்துப் படுத்தார்கள், சாப்பிட்டார்கள், இரண்டு நாள் அதுதான் வீடு. பிறகு காலித் தீப்பெட்டிகளைச் சேர்த்தோம். (தீப்பெட்டி நம் கோவில்பட்டி, சிவகாசிப் பக்கத்துப் பொருள் என்பதையும் அப்படியே சொல்லி வைத்தேன்.) வாழை மட்டையில் கப்பல் செய்து, குளிக்கிற பேசினில் மிதக்கவிட்டு, தீப்பெட்டிகளை அடுக்கினோம். சிலவற்றில் மண், சிலவற்றில் பஞ்சு. மண் பெட்டியை மேலே வைத்தால் கப்பல் கவிழும். அடியில் வைத்தால் நிற்கும். ஒரே பக்கம் அடுக்கினாலும் கவிழும். இதை நான் சொல்லவில்லை. ஏழெட்டு முறை கவிழ்த்துவிட்டு அவனே என்னிடம் சொன்னான்.

எழுத்து வந்ததும் இங்கேதான். எந்தப் பெட்டியில் என்ன என்று வெளியே எழுத வேண்டுமே! அகர வரிசையைத் தள்ளி வைத்துவிட்டு, நம் பழைய பாடப் புத்தகங்கள் செய்தது போல ட, ப, ம என்ற நேர்கோட்டு எழுத்துகளில் தொடங்கினேன். படம், பட்டம், மடம் என்று அந்த மூன்றிலேயே எத்தனை சொற்கள்! கால் சேர்த்தால் 'பாடம்'. 'வல்லார்பாடம்' என்று எழுதிக் காட்டியபோது கடைசி மூன்று எழுத்தில் விரல் வைத்து "பாடம்" என்று படித்தான். மலையாளத்தில் பாடம் என்றால் நெல்வயல் என்று சொன்னேன். அவனுக்கு அது பெரிய வேடிக்கையாகிவிட்டது. சாயங்காலம் அப்பா வந்ததும் "நாம வயல்ல இருக்கோமா, பாடத்துல இருக்கோமா?" என்று கேட்டான்.

கப்பல் பெட்டியின் கதையையும் அவர் சொன்னார். 1956 ஏப்ரல் 26 அன்று மால்கம் மெக்லீன் என்ற அமெரிக்க லாரி முதலாளி 58 பெட்டிகளைக் கப்பலில் ஏற்றி நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பினார். அதற்கு முன்பு மூட்டை மூட்டையாக மனிதர்கள் முதுகில்தான் சரக்கு ஏறி இறங்கியது. வல்லார்பாடம் முனையம் 2011 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. அதற்காக இடப்பள்ளியிலிருந்து காயல்மீது போட்ட ரயில் பாலம் 4.62 கிலோமீட்டர் நீளம். பாலத்தில் தூண் எண்ணலாம் என்று கிளம்பிப் பாதியிலேயே எண்ணிக்கையைத் தவறவிட்டோம். அதுவும் நல்லதுதான். பத்து பத்தாகக் கட்டி எண்ணுவதன் அவசியம் அப்போதுதான் அவனுக்குப் பட்டது.

அந்தப் 'பத்து' செப்டம்பரில் கைக்கு வந்தது. வல்லார்பாடம் மாதா கோயில் திருநாள் செப்டம்பர் 24. கோயில் முற்றத்தைத் துடைப்பத்தால் பெருக்குவது இங்கே நேர்ச்சை. 1752இல் படகு கவிழ்ந்து நீரில் மூழ்கிய மீனாட்சியம்மா என்ற நாயர் பெண்ணும் அவர் குழந்தையும் மாதாவின் அருளால் உயிரோடு மீண்டார்கள் என்றும், அந்த அம்மாள் கோயில் முற்றத்தைப் பெருக்கி வாழ்ந்தார் என்றும் இங்கே சொல்கிறார்கள். எல்லா மதத்தவரும் வந்து பெருக்குகிறார்கள். நாங்களும் பெருக்கினோம். வீட்டுக்கு வந்து பழைய துடைப்பத்தைப் பிரித்து ஈர்க்குகளை ஒரே அளவாக நறுக்கி, பத்துப் பத்தாக நூலால் கட்டினோம். பத்துக் கட்டு சேர்ந்தால் ஒரு பெரிய கட்டு. ஒன்று, பத்து, நூறு எல்லாம் கையில் இருந்தது. 32இலிருந்து 17ஐக் கழிக்க வேண்டுமென்றால் ஒரு கட்டை அவிழ்க்க வேண்டும். 'கடன் வாங்குவது' என்று நமக்குச் சொல்லிக் கொடுத்தார்களே, யார் யாரிடம் கடன் வாங்கினார்கள் என்று எனக்கு அந்த வயதில் புரிந்ததே இல்லை!

சீன வலைப் பாடத்தை எங்கள் வீட்டுக்காரர் எடுத்துக்கொண்டார். ஒரு முனையில் வலை, மறு முனையில் கயிற்றில் தொங்கும் பெரிய கற்கள். மீன் பிடிப்பவர் மரத்தின்மேல் நடந்து தண்ணீர்ப் பக்கம் போனாலே வலை தாழ்கிறது. துடைப்பக் கட்டை, எலுமிச்சம்பழம் கட்டி வருகிற வலைப்பை, சரளைக் கற்கள் இவற்றை வைத்து ஒன்று செய்தார்கள். தாங்குகிற இடத்தை ஒரு சாண் தள்ளி வைத்தால் மூன்று கல் போதும் என்ற இடத்தில் ஆறு கல் தேவைப்பட்டது. நெம்புகோல் என்ற சொல்லை அதற்குப் பிறகுதான் சொன்னோம். முதலில் பொருள், பிறகு பெயர். எங்கள் வீட்டில் இந்த வரிசை ஒருபோதும் தோற்றதில்லை.

இனி மட்டாஞ்சேரி. டிசம்பரில் ஒரு நாள் வைப்பினிலிருந்து ரோ-ரோ படகில் ஃபோர்ட் கொச்சிக்குப் போய், அங்கிருந்து ஆட்டோவில் போனோம். யூதத் தெருவில் நுழைந்ததுமே சுக்கும் மிளகும் ஏலமும் சேர்ந்த வாசனை. கடைக்காரர் சிரித்துக்கொண்டே ஐந்தாறு சரக்கில் ஒவ்வொரு பிடி கொடுத்தார். வீட்டில் கண்ணைக் கட்டி முகர்ந்து பெயர் சொல்லும் விளையாட்டு. என் மூன்றரை வயதுப் பெண் எல்லாரையும் தோற்கடித்தாள். யவனர் பொன் கொண்டுவந்து மிளகு ஏற்றிப் போன முசிறித் துறைமுகத்தை அகநானூறு பேசுகிறது. அது இந்தக் கரைக்கு வடக்கே, பெரியாற்று முகத்தில்தான் இருந்தது. 1341இல் வந்த பெருவெள்ளம் அந்தப் பக்கத்தைத் தூர்த்து, கொச்சியின் வாயைத் திறந்துவிட்டதாகச் சொல்கிறார்கள். "அப்போ அந்தக் கப்பல்ல பெட்டி இருந்துச்சா?" என்று கேட்டான். மூட்டைதான் என்றேன். அன்று மிளகை எண்ணி நூறு நூறாக ஈர்க்குக் கட்டுப் போலவே கூம்புப் பொட்டலம் கட்டினோம்.

யூதக் கோயில் 1568இல் கட்டியது. அதன் மணிக்கூண்டு 1760ஐச் சேர்ந்தது. பக்கத்துக்குப் பக்கம் வெவ்வேறு மொழி எண்கள் போட்ட கடிகாரம் அதில் இருக்கிறது. ரோமன், ஹீப்ரு, மலையாளம். "தமிழ் எங்கே?" என்றான் பையன். இல்லை என்றேன். "நாம செய்வோம்." காகிதத் தட்டில் செய்தோம். ௧, ௨, ௩ என்று எழுதிக்கொண்டே போனால் பத்துக்குத் தனி எழுத்து ௰. பதினொன்று ௰௧, பன்னிரண்டு ௰௨. பழைய முறையில் சுழி கிடையாது. ஒரு கட்டும் ஓர் ஈர்க்கும் சேர்ந்தால் பதினொன்று என்பதைத்தான் அது அப்படியே எழுதுகிறது என்று ஈர்க்குக்கட்டை வைத்தே காட்டினேன். அந்தக் கடிகாரம் இன்றும் எங்கள் அடுக்களையில் தொங்குகிறது. முள் மட்டும் ஓடாது.

ஆனால் அன்றைய பயணத்தில் நான் மறக்காதது வேறு. திரும்பும் வழியில் ஃபோர்ட் கொச்சி வெளியில் உள்ள தோபிகானாவுக்குப் போனோம். டச்சுக்காரர் காலத்தில் துணி வெளுக்கத் தமிழ் நாட்டுப் பக்கத்திலிருந்து வந்தவர்களின் வழிவந்தவர்கள் இன்றும் அங்கே வெளுக்கிறார்கள். தொட்டிகள், அரிசிக் கஞ்சி, கரிப்பெட்டி இஸ்திரி, கொடி முழுக்க வெள்ளைத் துணி. கொடியில் ஒரு கிளிப்பும் கிடையாது. இரட்டையாக முறுக்கிய கயிற்றின் புரிக்குள் துணியின் நுனியைச் செருகிவிடுகிறார்கள். காற்றடித்தால் விழாது. என் பையன் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். ஒரு பெரியவர் எங்கள் பேச்சைக் கேட்டுவிட்டு, "தமிழா? எந்த ஊரு தம்பி?" என்றார். வீட்டுக்கு வெளியே ஆறு மாதமாக ஒருவரிடமும் வாய் திறக்காத பிள்ளை, "தூத்துக்குடி" என்றான். நிற்கவில்லை. "இந்தத் துணி ஏன் தாத்தா விழல?" அவர் கயிற்றைப் பிரித்துக் காட்டினார். இவன் கேட்டான், அவர் சொன்னார், மறுபடி கேட்டான். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு துணிகளைப் பார்ப்பதுபோல நின்றேன்.

வீட்டுக்கு வெளியே தமிழ் பேசும் பெரியவர்களை அவன் அதுவரை பார்த்ததே குறைவு. அம்மாவோடு மட்டும் பேசுகிற மொழி என்று அதை நினைத்துவிட்டானோ என்னவோ. நம் சங்கத்து ஞாயிற்றுக்கிழமைகளை நான் தவறவிடாததற்கு அன்றிலிருந்து அதுதான் காரணம்.

எல்லாம் இப்படி நன்றாகவே நடந்தது என்று எண்ணிவிடாதீர்கள். 'மீன்' பாடத்தை ஆறு வாரம் இழுத்தேன். மீன் கணக்கு, மீன் பாட்டு, மீன் படம்! பிள்ளைகள் மீன் குழம்பையே வெறுக்கிற நிலை வந்தது. ஒரு கருப்பொருள் மூன்று வாரம் தாண்டினால் நிறுத்திவிடுங்கள். அதேபோல எல்லாவற்றையும் அதற்குள் திணிக்கவும் வேண்டாம். வாய்ப்பாடு எந்தப் பெட்டிக்குள்ளிருந்தும் தானாக வராது. தினமும் கால் மணி நேரம் ஒப்பிக்கத்தான் வேண்டும். இதில் நான் பழைய கட்சி.

ஏப்ரலில் தண்ணீர்ப் பாடம். கரையில் குறி போட்ட ஒரு மூங்கில் நட்டு, ஏற்றமும் வற்றமும் எவ்வளவு என்று பார்த்தோம். கொச்சியில் வித்தியாசம் பெரும்பாலும் ஒரு மீட்டருக்குள்தான். ஓதம் என்ற பழந்தமிழ்ச் சொல் அவனுக்குப் பிடித்துப்போயிற்று. காயல் நீரில் முட்டை மிதக்கும் என்று பெரிதாகச் சொல்லிவிட்டுப் போட்டேன். குழாய்த் தண்ணீரிலும் மூழ்கியது, காயல் தண்ணீரிலும் மூழ்கியது! இரண்டு பேரும் கைகொட்டிச் சிரித்தார்கள். கரண்டி கரண்டியாக உப்பைக் கொட்டிய பிறகுதான் முட்டை எழுந்தது. எத்தனை கரண்டி என்று அவன் எண்ணியதுதான் அன்றைய கணக்கு. பிறகு இரண்டு கொட்டாங்கச்சியில் நெல் விதைத்தோம். காயல் நீர் விட்டது கருகிவிட்டது. அப்படியானால் வைப்பினில் பொக்காளி நெல் எப்படி விளைகிறது என்று கேட்டான். மழைக் காலத்தில் காயல் நீரின் உப்புக் குறையும்போது நெல், அறுவடைக்குப் பிறகு உப்பு ஏறும்போது அதே வயலில் இறால். அந்த நெல்லுக்கே உப்பைத் தாங்கும் குணமும் உண்டு. தண்ணீர் ஓரத்துப் பாடங்களில் ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். ஒரு பிள்ளைக்கு ஒரு பெரியவர், கை பிடித்தபடி. மூங்கில் குறியைப் படிக்க நான்தான் இறங்குவேன்.

இது புதுமை ஒன்றும் இல்லை. காந்தியடிகள் 1937இல் வார்தாவில் கைத்தொழிலை நடுவில் வைத்த கல்வியைத்தான் முன்வைத்தார். மரியா மாண்டிசோரி அம்மையார் 1939இல் நம் அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். போர் முடியும்வரை இந்தியாவிலேயே இருந்தார். சில காலம் கொடைக்கானலிலும். சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003இல் தொடங்கிய செயல்வழிக் கற்றலும் இந்த வழியில் வந்ததே. 2020இன் தேசியக் கல்விக் கொள்கை மூன்று வயது முதல் எட்டு வயதுவரை ஒரே கட்டமாக வைத்து, விளையாட்டும் செயலுமாகக் கற்பிக்கச் சொல்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது என்று பலரும் கேட்கிறீர்கள். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயதுவரை பேசுகிறது. பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோர் கடமை என்று அதில் இருக்கிறது. பள்ளியில் சேராத பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்றும் இருக்கிறது. நாங்கள் திரும்பி வரும் கதவு அதுதான் என்று வைத்துக்கொண்டோம். நீண்ட காலம் வீட்டில் படிக்க வைப்பவர்கள் தேசியத் திறந்தநிலைப் பள்ளியின் தேர்வுகளை எழுத வைக்கிறார்கள். பத்தாம் வகுப்புக்கு 14 வயது ஆகியிருக்க வேண்டும்.

பள்ளியில் சந்தோஷமாக இருக்கிற பிள்ளையை இதைப் படித்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள். இருவரும் வேலைக்குப் போகிற வீட்டில் சனிக்கிழமை இரண்டு மணி நேரம் போதும். ஒரு பொருள், மூன்று வாரம். எங்களுக்கும் தினம் இரண்டு மணி நேரத்துக்குமேல் ஆனதில்லை. செலவு என்று பார்த்தால் கோந்தும் சார்ட் பேப்பரும் படகுக் கட்டணமும்தான். ஒவ்வொரு நாளும் தேதி போட்டு ஒரு நோட்டில் படமும் இரண்டு வரியும். 2024 ஜூனில் வேறொரு பள்ளியில் சேர்க்கப் போனபோது தலைமை ஆசிரியை புரட்டிப் பார்த்தது அந்த நோட்டைத்தான். இரண்டாம் வகுப்பில் எடுத்துக்கொண்டார்கள்.

முதல் வாரம் அங்கேயும் பேசவில்லை. எனக்கு மறுபடி வயிற்றில் புளி கரைத்தது. இரண்டாவது வாரம் பக்கத்தில் உட்காரும் பையனுக்கு ட, ப, ம சொல்லிக் கொடுத்தானாம். பதிலுக்கு அவன் மலையாள எழுத்து சொல்லிக் கொடுத்தானாம். இங்கிலீஷில் இன்னும் பின்தங்கித்தான் இருக்கிறான். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

அந்த லீவிலேயே தூத்துக்குடிக்குக் கடிதம் எழுதினான். 'ஆச்சி, உங்க ஊர் கப்பல் பெட்டில என்ன இருக்கு?' இரண்டு இடத்தில் புள்ளி இல்லை, 'கப்பல்' என்பதில் 'ல'வுக்குப் பதில் 'ள'. நான் திருத்தவில்லை. அத்தை போன் செய்யவில்லை. பத்து நாள் கழித்துத் தபாலில் ஒரு தீப்பெட்டி வந்தது. மேலே நடுங்கிய கையெழுத்தில் 'உப்பு' என்று எழுதியிருந்தது. உள்ளே காகிதத்தில் சுற்றிய கல் உப்பு.

அடுத்த பாடம் முடிவாகிவிட்டது. உப்பளத்தில் வேலை பார்த்த உறவினர்கள் உள்ளவர்கள் நம் சங்கத்தில் இருந்தால், ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து பிள்ளைகளுக்குப் பாத்தி கட்டுவது எப்படி என்று சொல்லிக் கொடுக்க வேண்டுகிறேன். எங்கள் முற்றம் தயாராக இருக்கிறது.